நாமக்கட்டி பூசிய வாரம்

என் மனைவி செல்வியின் கன்னங்களில் முதலில் சிவப்பு படர்ந்தபோது வெயில்தான் என்று விட்டுவிட்டோம். நாங்கள் இருவரும் ரிஷிவந்தியம் பக்கம் நடவு, களை என்று கூலிக்குப் போகிறவர்கள்.

கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மா லூபஸ் (நோயை எதிர்க்க வேண்டிய சக்தி சொந்த உடம்பையே தாக்குவது) என்றார். மாத்திரையோடு, வெயிலுக்குப் பூச ஒரு கிரீமும் எழுதினார். காலை பத்திலிருந்து மாலை நாலுவரை நிழலில்தான் இருக்க வேண்டும், வெயில் பட்டால் நோய் கிளம்பும் என்றார்.

ஏழு மாதம் அப்படியே நடந்தோம். அவளுக்காக நானும் நிழல் பார்த்து நடக்கப் பழகினேன்.

களையெடுப்பு மும்முரமான வாரத்தில் கிரீம் தீர்ந்தது. கள்ளக்குறிச்சி போய்வர எனக்குச் சோம்பல். கிரீமில் வெள்ளைக் களிமண்ணும் இருப்பதாக மருந்துக்கடைக்காரர் எப்போதோ டியூபைப் படித்துச் சொல்லியிருந்தார். அது நம் நாமக்கட்டிதானே, பொன்னுக்கு வீங்கிக்குக் கன்னத்தில் பூசுகிறோமே என்று நினைத்தேன். பெரிய வைத்தியர் மாதிரி தேங்காயெண்ணெயில் குழைத்து நானே பூசிவிட்டேன்.

"எனக்கே நாமம் போட்டுட்டியே மாமா," என்று சிரித்தாள். ஏமாற்றுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நானும் சிரித்தேன்.

நாலு நாள் முழுக்க வெயிலில் நின்றாள். முகத்தில் வெள்ளை தெரிந்தவரை எனக்குப் பயமே இல்லை.

சில வாரத்தில் கால் வீங்கியது. நெஃப்ரைட்டிஸ் (சிறுநீரக அழற்சி) என்றார்கள். டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"களிமண் இருக்குதுங்க. கிரீம் வேர்வையில கலையாம ஒட்டி நிக்க அது உதவும். வெயிலைத் தடுக்கிறது முக்கியமா கிரீமுல இருக்கிற துத்தநாகம். மண்ணு மட்டும் போதாது."

அந்த நாலு நாள் வெயில் இல்லாமலும் நோய் சிறுநீரகத்துக்குப் போயிருக்கலாம் என்றும் சொன்னார். அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை.

"தெரிஞ்சா செஞ்ச?" என்றாள் செல்வி, கட்டிலில் படுத்தபடி. "நானுந்தான் மூஞ்சக் காட்டிக்கினு ஒக்காந்திருந்தேன்." ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால், கிரீம் தீரும் முன்பே வாங்கி வையுங்கள். மண் கெட்டதல்ல. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று மட்டும் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

இப்போதும் பத்து மணியானால் என் கால்கள் தாமாக வரப்பைவிட்டு வேப்பமரத்தடிக்குப் போகின்றன. கடிகாரம் வேண்டாம், பிடரியில் சூடு ஏறினால் தெரிந்துவிடுகிறது. வெயில் ஆகாதது எனக்கல்ல என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது. இருந்தாலும் பக்கத்தில் ஓர் ஆளுக்கு நிழல் விட்டே உட்காருகிறேன். வெயில் கல்வராயன் மலைப்பக்கம் சாய நெடுநேரம் ஆகிறது.