காட்டில் களை எடுத்தவள்

1. சும்மா இருக்கும் வேலை

டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த உத்தரவு, "நீ ஒண்ணும் செய்யாதே ஞானம்மா. ஒரு வாரம் சும்மா சுத்திப் பாரு" என்பதுதான். பதினாறு வயதிலிருந்து மலைமேல் சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டங்களில் களை எடுத்தவள் நான். காலையில் மஸ்டரில், அதாவது ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில், பேர் கொடுத்தால் சாயங்காலம் வரை முதுகு நிமிராது. நிமிர்ந்தால் கங்காணி விடமாட்டார். அப்படி முப்பது வருஷம் கழித்தவளைக் கூப்பிட்டுச் சும்மா இரு என்றால், கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. முந்தானையை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

பதினாலு ஏக்கர் நிலம். டாக்டரம்மாவின் அப்பா காலத்தில் அங்கே ஏலம் இருந்தது. விளைச்சல் கூடும் என்று யார் பேச்சையோ கேட்டு நிழல் மரங்களை வெட்டினார்கள். வெயில் உள்ளே வந்தது, ஏலம் கருகியது. பிறகு யூகலிப்டஸ் போட்டு, அதையும் வெட்டினார்கள். நான் போனபோது உண்ணிச்செடியும் கம்யூனிஸ்ட் பச்சையும்தான் ஆள் உயரத்துக்கு நின்றன. கம்யூனிஸ்ட் பச்சை என்பது எங்கள் பக்கத்தில் ஒரு களைக்குப் பேர். எங்கும் பரவும், லேசில் போகாது. யார் வைத்த பேரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். நிலத்தின் மேல்பக்கம் ஒரு பாறை, அதன் அடியில் வறண்டு போன ஊற்று.

டாக்டரம்மா மலையாளி. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏலக்காய் உலர்த்துகிற பழைய ஸ்டோரைச் சரிசெய்து அதில் குடியிருந்தார். இந்த நிலம் மறுபடி காடாக வேண்டும், அதுவும் இந்த மலையில் முன்பு இருந்த மரங்களே வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசைக்குக் குறுக்கே ஒரு ஆள் இருந்தார். அவருடைய தம்பி.

நிலம் இரண்டு பேர் பேரிலும் இருந்தது. தம்பி சார் கோட்டயத்தில் வியாபாரம் செய்தவர். ரிசார்ட் கட்டுகிறவர்களிடம் கொடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அக்காவிடம் வாதாடித் தோற்று, கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தார். "ஆறு மழை பார்க்கிறேன். அதுக்குள்ள இங்க காடுன்னு சொல்ல ஏதாவது இருந்தா சரி. இல்லேன்னா கையெழுத்துப் போட்டுடணும் சேச்சி." டாக்டரம்மா ஒப்புக்கொண்டார்.

அவர்களுடைய அப்பா அம்மா கல்லறை எங்கள் மாதா கோவிலில்தான் இருக்கிறது. அதனால் தம்பி சார் வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்கு வருவார். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நேராக நிலத்துக்கு வந்து, ஷூவில் சேறு படாமல் ஓரமாக நின்று பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். "சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்.

2. நான் செய்த பாவம்

முதல் மூன்று வருஷம் உண்ணிச்செடியை வேரோடு எடுத்தோம். நர்சரியில் வாங்கிய கன்றுகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் மூங்கில் குச்சி ஊன்றினோம். பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. பிழைத்தவையும் நோயாளி மாதிரி நின்றன. டாக்டரம்மாவோ, மதியம் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கும் நேரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு, குனிந்து குனிந்து தரையைப் பார்த்தபடி நடப்பார். தரையில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

நாலாம் வருஷம் மழை முடிகிற சமயத்தில் கண் ஆபரேஷனுக்காக மதுரை போனார். கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் எங்கள் கோவிலில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கல்லறைகளைச் சுத்தம் செய்வது வழக்கம். புல் பூண்டு இல்லாமல் பிடுங்கி, பெருக்கி, மண்ணை மெழுகின மாதிரி வைத்தால்தான் செத்தவர்களுக்கு மரியாதை. நானும் பக்கத்து எஸ்டேட் ரோசியும் இன்னும் நாலு பேரும் அந்த வேலையை முடித்தோம். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. தம்பி சார் வருகிறாரே, நிலத்தையும் ஒருதடவை சுத்தம் பண்ணிக் காட்டினால் என்ன? எஸ்டேட்டில் துரை ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் அப்படித்தானே செய்வோம்? வரிசையில் குச்சியோடு நிற்பது செடி, மற்றதெல்லாம் களை. நான் படித்த பாடம் அது ஒன்றுதான்.

மூன்று நாள். மழையில் ஊறின மண், பிடித்ததும் வந்தது. ஆறு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டே பிடுங்கினோம். கடைசி நாள் மேலே பாறையில் ஏறி நின்று பார்த்தேன். குச்சிகள் மட்டும் நேர்க்கோட்டில் நிற்க, கோவில் முற்றம் மாதிரி பளிச்சென்று இருந்தது நிலம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தம்பி சார் வந்தார். முதல்முறையாக உதட்டைப் பிதுக்கவில்லை. "அடடே, இப்பத்தான் இடம் எவ்வளவு இருக்குன்னே தெரியுது. நல்ல வேலை செஞ்சிருக்கே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மனசுக்குள் உறுத்தியது.

3. கைக்குத் தெரிந்த பேர்கள்

டாக்டரம்மா கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். நிலத்தைப் பார்த்தார். பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஞானம்மா, நட்டதெல்லாம் போனாலும் போகட்டும்னு இருந்தேன். பறவை போட்டது, மரநாய் போட்டதுன்னு தானா முளைச்சு வந்தது பார், அதை நம்பித்தான் இருந்தேன். அதையெல்லாம் எடுத்துட்டியே."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குரல் அப்படி மெலிந்து வந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு மழையில் நாலு போய்விட்டது. காட்டை எடுத்தது வேறு யாருமில்லை, நான்.

டாக்டரம்மா நிமிர்ந்து, "என்னென்ன எடுத்தே? ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கும்மா. வட்டக்கண்ணிதான் நெறைய. அது தொட்டாலே வந்துரும். ஞாவல் இருந்துச்சு, எலைய கசக்குனா தெரியும். அயினிப்பலா, வெரல்ல பால் ஒட்டிக்கிடும், ரெண்டு நாளைக்குப் போவாது. வெடிப்பிலாவும் கெடந்துச்சு, எலைக்கு அடில செம்பு நெறமா இருக்கும், வேரு கொட்டையோட மண்ணக் கவ்விக்கிட்டு லேசுல வராது. காட்டுப்பட்டை ஒரு அம்பது அறுவது இருக்கும். சாயங்காலம் சோறு திங்கும்போதும் கைல அந்த வாசந்தான்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு இலை விட்ட கன்னுலேயே உனக்கு இதெல்லாம் தெரியுமா? காட்டு மரம் படிச்சவங்களே பூ வரட்டும்னு காத்திருப்பாங்க. எப்படித் தெரியும்?"

"முப்பது வருசமா பிடுங்குதேன். தெரியாமப் போவுமா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். கண் ஆபரேஷன் செய்துகொண்டவர் அழக்கூடாது என்பதால் சிரித்தாரோ என்னவோ. "அப்போ இந்த மலை முழுக்க ஏலக்காட்டுல தினமும் எவ்வளவு பிடுங்கி எறியறாங்க, ஞானம்மா?" என்று கேட்டார்.

4. களை சுமந்தது

ரோசியிடம்தான் முதலில் போனேன். களையை எறியாதே, ஈரச் சாக்கில் வைத்து எனக்குக் கொடு என்றேன்.

"ஏட்டி, கோட்டி புடிச்சிருச்சா ஒனக்கு? களைய கொண்டுபோயி நடப்போறியா?" என்று கேட்டாள்.

"ஆமா, நடப்போறேன். நான் செஞ்ச பாவம், நாந்தான் தீக்கணும். நீயும் சேந்துதான பிடுங்குன?"

மறுநாள் முதல், களை எடுக்கும் பெண்கள் மண்ணோடு நெம்பி எடுத்த கன்றுகளை ஏல இலையில் சுருட்டிச் சாக்கில் அடுக்கினார்கள். அவர்களுடைய கங்காணி, "களையைத் தூக்க ஒரு ஆளா? உலகம் முடியப்போகுது" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை. கம்பம் ஊரிலிருந்து ஜீப்பில் வேலைக்கு வருகிற பெண்கள்கூட, திரும்பும்போது எங்கள் வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, "இந்தாக்கா ஒங்க களை" என்று ஒரு பொட்டலத்தை நீட்டிவிட்டுப் போவார்கள்.

வரிசையும் இல்லை, குச்சியும் இல்லை. கையில் வந்த கன்றை, அது எந்த மாதிரி இடத்தில் முளைத்துப் பார்த்திருக்கிறேனோ அந்த மாதிரி இடத்தில் வைத்தேன். பாறை ஓரத்துக்காரனைப் பாறை ஓரத்தில், ஈரம் கேட்பவனைப் பள்ளத்தில். மஞ்சு மூடின நாட்களில் முன்னால் இருக்கிற கையே மங்கலாகத்தான் தெரியும். மண்ணைத் தடவித் தடவி நடுவேன். முப்பது வருஷமும் பின்னோக்கி ஓடி, பிடுங்கினதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும். நான் வேலை செய்கிறேனா, கனாக் காண்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

5. ஆறாவது மழை

வட்டக்கண்ணி சீக்கிரம் வளர்கிற சாதி. இரண்டு மழையில் தலைக்கு மேல் போய்விட்டது. அதன் நிழலில் மற்றவை முழங்கால் உயரம் நின்றன. கல்லறைத் திருநாளுக்கு வருகிற தம்பி சார் இதைக் காடு என்று ஒப்புக்கொள்வாரா என்ற பயத்தில் டாக்டரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு நிலத்துக்கும் வரவில்லை. "நீயே கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார்.

தம்பி சார் வந்து பார்த்துவிட்டு, "என்ன இப்படிப் புதரா விட்டுட்டே? பாறை வரைக்கும் நல்லா வெட்டிச் சுத்தம் பண்ணு. திங்கட்கிழமை ரிசார்ட் ஆளுங்க பார்க்க வராங்க" என்றார்.

என் வாழ்நாளில் களை எடுக்கச் சொல்லி மாட்டேன் என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று சொன்னேன்.

"மாட்டேன் சார். எத வெட்டணும்னு நீங்களே காட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் நான் பேரு சொல்லுதேன். பேரு இல்லாத ஒண்ணக் காட்டுனீங்கன்னா அத வெட்டிருதேன்."

அவருக்குக் கோபம் வந்ததா, வேடிக்கையாக இருந்ததா தெரியவில்லை. விரலை நீட்டினார். ஞாவல் என்றேன். அடுத்தது, அயினிப்பலா. அடுத்தது, வெடிப்பிலா. இலையைத் திருப்பி அந்தச் செம்பு நிறத்தைக் காட்டினேன். காட்டுப்பட்டையின் இலையைக் கிள்ளி அவர் மூக்குக்கு நீட்டினேன். விரலை நீட்டிக்கொண்டே அவரும், பேர் சொல்லிக்கொண்டே நானும் உள்ளே போய்விட்டோம். மஞ்சு இறங்கி வழியை மூடியது. ஓரமாகவே நிற்கிற மனுஷர் நடுக்காட்டில் நின்றார். பாறையடியில் கால் வைத்தவர் சட்டென்று பின்னால் எடுத்தார். ஷூ நனைந்திருந்தது. குனிந்து இலைச்சருகை விலக்கினார். விரல் நனைகிற அளவுக்கு ஊற்றில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

நனைந்த விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்.

6. கல்லறையில் முளைத்தது

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதேதான். வருவார், உள்ளே ஒரு சுற்று நடப்பார், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். விற்கமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் காடு அப்படித்தான் வருஷம் வருஷமாகத் தவணையில் வளர்ந்தது. மதியம் கஞ்சி குடித்துவிட்டு மரத்தடியில் சாய்ந்தால், பச்சை வெளிச்சம் முகத்தில் ஆடும். மலபார் அணில் மேலிருந்து காய்த் தோலை எறியும். அதை விரட்டக்கூட எனக்குக் கை வராது.

டாக்டரம்மா ஒரு மழைக்காலத்தில், பகல் தூக்கத்திலேயே போய்விட்டார். அப்பா அம்மா பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தோம். நிலம் முழுக்கத் தம்பி சாரின் கைக்குப் போனது. இனி அவரைக் கேட்க ஆளில்லை. ரிசார்ட்காரர்கள் மறுபடி வந்து போவதாக ரோசி சொன்னாள். எனக்கும் வயதாகி, வேலையை விட்டு நின்றிருந்தேன்.

அதற்கு அடுத்த வருஷக் கல்லறைத் திருநாள். டாக்டரம்மாவின் கல்லறையை நான்தான் சுத்தம் செய்தேன். புல்லைப் பிடுங்கிக்கொண்டே வந்தவள், சிலுவையடியில் கையை நிறுத்தினேன். ரெண்டு இலை. கசக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஞாவல். எந்தப் பறவை போட்டதோ.

பின்னால் தம்பி சார் மெழுகுவத்தியோடு நின்றார். கையில் தடி வந்திருந்தது. "என்ன அது?" என்றார்.

"ஞாவல் சார். இங்க விட்டா கல்லறை பொளந்துரும்."

சுற்றிலும் மண்ணைத் தோண்டி, வேர் அறாமல் எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். கேட்கலாமா வேண்டாமா என்று தவித்தேன். கேட்டுவிட்டேன். "காட்டுக்குக் கொண்டுபோயி ஊத்துக்குப் பக்கத்துல வைக்கட்டுமா சார்? ஆனா காய்க்கப் பத்துப் பதினஞ்சு வருசம் ஆவும்."

"எனக்கு எழுபத்தாறு வயசு ஞானம்மா" என்றார்.

அவர் மெழுகுவத்தியை அக்கா தலைமாட்டில் நட்டு, காற்றுக்குக் கையால் மறைத்து, சுடர் நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு என் கையில் இருந்த கன்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வை. காய்க்கட்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

இப்போது அந்தக் காட்டோரம் ஒரு நாற்றங்கால் போட்டிருக்கிறார்கள்; அதில் வேலைக்கு வருகிற பெண்கள், களை எது, கன்று எது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பேர் தெரிகிறவரை பிடுங்காதீர்கள். நான் பேர் தெரிந்தே பிடுங்கினவள், என்னைப் போல இருக்காதீர்கள். அந்த ஞாவல் இப்போது என் தோளுக்கு நிற்கிறது. தம்பி சார் இன்னும் வருஷாவருஷம் வந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.