ஒரே கிண்ணம், இரண்டு கரண்டி

சீனாவுக்குப் போய்வந்த ஒருவரைக் கண்டால் முதலில் என்ன கேட்பீர்கள்? பாம்பு தின்றாயா என்றுதானே? பாகூர்ச் சேரியில் பிறந்த சாமிக்கண்ணுவிடம் ஊரே அதைத்தான் கேட்டது. எங்கே உட்கார வைத்துச் சோறு போட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

பிழைப்புக்காகச் சைகோனுக்குக் கப்பலேறியவர் அவர். அங்கே ஒரு பிரெஞ்சு அதிகாரியிடம் மூட்டை தூக்கும் வேலை. அதே அதிகாரிக்கு எழுத்தர் கண்ணையன். பாகூரில் சாமிக்கண்ணுவின் அப்பா உழுத நிலத்துக்காரரின் மகன். ஒருமுறை அதிகாரி வடக்கே எல்லைப்பக்கம் முகாமிட்டபோது, இருவரும் எல்லை தாண்டிச் சீனத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்குச் சாமான் வாங்கப் போனார்கள்.

பழைய ஊர். ஆற்றிலிருந்து கோட்டை வாசல்வரை தேய்ந்த கல்படிகள். மதிலுக்குள் சீன வியாபாரிகள். வெளியே சுவாங் குடிகள், தலைமுறை தலைமுறையாக நெல் விளைத்தவர்கள். அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று மதிலுக்குள் ஏசுவார்களாம். அக்கிரமத்துக்கு எந்த நாட்டிலும் வீடு கிடைத்துவிடுகிறது.

மழை பிடித்துக்கொண்டது. படகுக்காரர் தமக்குத் தெரிந்த சுவாங் வீட்டுக்கு இருவரையும் அழைத்துப்போனார். மரக்கால்கள் மேல் நிற்கும் வீடு. கீழே எருமைகள், மேலே மனிதர்கள். கண்ணையன் ஏணியில் ஏறினார். சாமிக்கண்ணு, யாரும் சொல்லாமலே, எருமைகளுக்கு நடுவே குந்திவிட்டார். தமக்கென்று விட்ட இடம் அதுதான் என்று நினைத்தாராம்!

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவன் ஏன் கீழே இருக்கிறான் என்று படகுக்காரர் மூலம் பிரெஞ்சில் கேட்டாள்.

"அவனுக்கு மாடுன்னா உசிரு" என்று கண்ணையனும் பிரெஞ்சிலேயே சொல்லிவைத்தார்.

"என் எருமை சாராயம் குடிக்காது. அவனை மேலே வரச் சொல்லு" என்றாள் அவள். பிறகு தானே இறங்கி, கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

அரிசிச் சாராயம் ஒரே கிண்ணத்தில் வந்தது. கூடவே இரண்டு பீங்கான் கரண்டிகள். அவள் மொண்டு விருந்தாளிக்கு ஊட்ட, விருந்தாளி மொண்டு அவளுக்கு ஊட்ட வேண்டும். அடுத்து, சேர்ந்து வந்தவர்கள் ஒருவருக்கொருவர். மறுத்தால் வீட்டையே அவமதித்ததாகும். வெளியே கொட்டும் மழை, வேறு கூரையில்லை.

சாமிக்கண்ணு கரண்டியில் மொண்டு நீட்டினார். "ஆண்டே, வாயத் தொறங்க."

"சீக்கிரம் ஊத்துடா, சிந்திடப் போற." கண்ணையன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பிறகு தாமும் மொண்டு ஊட்டினார். "ஊர்ல போயி சொன்ன, தோல உரிச்சுடுவேன்."

சாமிக்கண்ணு அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இருவரும் ஊர் திரும்பினார்கள். அறுப்பு வந்தது. கண்ணையன் வீட்டுக் களத்தில் வழக்கம்போல ஆட்களின் ஏந்திய கைகளில் மேலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். சாமிக்கண்ணு மட்டும் கையை ஏந்தவில்லை.

"இன்னாடா, தாகமில்லையா?" என்றார் கண்ணையன்.

"தாகம் இருக்குது ஆண்டே. கிண்ணம்தான் இல்ல."

கண்ணையன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கொடியவரல்ல அவர், கோழை. மறுநாள் முதல் அந்தக் களத்தில் சாமிக்கண்ணுவுக்கு வேலையில்லை. மற்றக் களங்களும் கதவை மூடின. இப்போது கூலிக்குத் தொலைவிலுள்ள கரியமாணிக்கம் ஊர்வரை நடக்கிறார். கை ஏந்தினால் நாளைக்கே பாகூரில் வேலை உண்டு. அவர் ஏந்தமாட்டார்.

பாகூர் நிலத்துக்காரர்களே, கதிர் முற்றிவிட்டது. அவரை அறுப்புக்குக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுச் சொம்பிலேயே தண்ணீர் கொடுங்கள். அவர் குடித்த மிச்சத்தை, களத்தில் எல்லோரும் பார்க்க, நீங்கள் குடியுங்கள்.