பத்து நிமிடமும் ஒரு விண்கப்பலும்

எங்கள் வாசகர் வட்டம் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் மாடியில் கூடும். ஒன்பது பேர். ஆளுக்குப் பத்து நிமிடம். தான் படித்ததில் ஒரு புத்தகத்தை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டும். பிறகு வடை. எனக்கு ஒதுக்கியது அறிவியல் புனைகதை. சுபாங் ஜெயாவில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் அது எனக்குப் பொருத்தமாக இருக்கும் என்று முடிவு செய்திருந்தார்கள். நான் விரும்பிப் படிப்பதும் அதுதான் என்பதால் மறுக்கவில்லை.

ஆறு வருடமாகப் பரிந்துரைத்தேன். காலப் பயணம், ரோபோ, செவ்வாயில் கத்தரிக்காய் பயிரிடப் போய்ச் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள், எதையும் விடவில்லை. நான் முடித்ததும் நாலு பேர் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். எல்லார் கையிலும் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் இருக்கும். புத்தகம் வேண்டுமா என்று கேட்டால், "நீங்க சொன்னதே போதும் லா, படம் பாத்த மாதிரி இருந்துச்சு" என்பார்கள். புத்தகம் என் பையிலேயே பூச்சோங்கில் என் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

தப்பு என்னுடையதுதான். எனக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது. முதல் பக்கத்தில் ஆரம்பித்தால் கடைசி வரிவரை சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். முடிவு தெரிந்த கதையை இரவல் வாங்கிப் போய் யார் படிப்பார்கள்?

இந்த வருடம் ஒருநாள் வட்டத்தின் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், என் முறை வரும் முன் என்னிடம் சொன்னார். "கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க புத்தகத்த இதுவரைக்கும் ஒருத்தரும் படிக்கல. அடுத்த மாசத்துக்குள்ள யாராச்சும் ஒன்னு படிச்சா சரி. இல்லன்னா அந்தப் பத்து நிமிஷத்த சர்க்கரை நோய்ப் புத்தகங்களுக்குக் குடுத்துடலாம்."

அவற்றைப் பரிந்துரைக்க ஒருவர் ஏற்கெனவே தயாராக இருந்தார். முன் வரிசையில், மடியில் ஃபைலோடு.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. வீட்டில் யாரும் படிப்பதில்லை. வேலையிடத்தில் மிஷின் சத்தத்தில் எதையும் பேச முடியாது. எனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி நான் வாய் திறப்பது மாதத்தில் அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். அதுவும் போனால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அதனால் அன்று என் பையில் இருந்த புத்தகங்களிலேயே மிக நல்லதை எடுத்தேன். மெல்லிய தமிழ் நாவல். எழுதியவர் வேறு எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை. தூரத்து நிலவு ஒன்றில், விண்கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. நாற்பது வருடம் அவள் தனியாக அந்த விளக்கைத் துடைக்கிறாள். கடைசியில் கப்பல் அவளைத் தேடி வருகிறது. அன்றும் அதுவரை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

துறைமுக ஊரான கிள்ளானிலிருந்து வருகிற, கன்டெய்னர் லோரி ஓட்டுகிற ஒருவர் எழுந்து வந்து கை நீட்டினார். "குடுங்கக்கா. போர்ட்டுல லோரி வரிசையில மணிக்கணக்கா நிக்கும். நமக்கும் கப்பலுக்குக் காத்துக்கிட்டு இருக்கிறதுதான வேல."

அடுத்த மாதம் அவர் வரும்வரை யாரும் வடையைத் தொடவில்லை.

"படிச்சீங்களா?" என்றார் தலைவர்.

"ரெண்டு தடவ படிச்சேன் சார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, இதுல கப்பல் வரல."

"வருமே" என்றேன்.

"வரலக்கா. பக்கம் எதுவும் ஒட்டிக்கிட்டு இருக்கான்னுகூடப் பாத்தேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு வருடமாகச் சொன்ன மற்றக் கதைகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

இருபது வருடத்துக்கு முன்னால் அப்பா கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நாங்கள் ரவாங்கில் இருந்தோம். கமூட்டர் ரயிலில் வரும்போது இந்த நாவலில் படிப்பதை, நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில் அவருக்குச் சொல்வேன். ஒரு மாலை, பார்க்கும் நேரம் முடிந்து எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இன்னும் எட்டுப் பக்கம் பாக்கி இருந்தது. "அந்தப் பொண்ணு என்னா ஆச்சு?" என்றார் அப்பா. ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், "கப்பல் வந்துருச்சுப்பா" என்றேன். "அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் நான் போனபோது அவர் இல்லை. அந்த எட்டுப் பக்கத்தை அதற்குப் பிறகு நான் திறக்கவே இல்லை. கப்பல் வந்தது, வந்தது என்று எனக்குள்ளேயே சொல்லிச் சொல்லி, அது அச்சிலும் இருப்பதாக நம்பிவிட்டேன்.

வட்டத்தில் இதை அப்படியே சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன் வரிசைக்காரர் ஃபைலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் படிச்சிட்டேன் சார். அக்காவோட பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும்" என்றார் லோரிக்காரர். என்னிடம், "அடுத்தது குடுங்கக்கா. இந்தத் தடவ நீங்க முழுசா படிச்சதா பாத்துக் குடுங்க" என்றார். நியாயம்தான். கொடுத்தேன், முடிவைச் சொல்லாமல்.

வீட்டுக்கு வந்து அந்த எட்டுப் பக்கத்தைப் படித்தேன். கப்பல் வரவில்லை. அவள் வழக்கம்போல விளக்கைத் துடைத்து ஏற்றிவிட்டு, உட்கார்ந்து டீ குடிக்கிறாள். அவ்வளவுதான். நான் சொன்னதைவிட நல்ல முடிவு. அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால், "இது என்னா கதை" என்று சண்டைக்கு வந்து, இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் போக விடாமல் வைத்திருப்பார்.