ஏழாம் நம்பர் அளவுச் சீட்டு

என் தையல் மிஷினின் இழுப்பறையில், உடைந்த ஊசிகளுக்கும் பித்தான்களுக்கும் அடியில் ஒரு அளவுச் சீட்டு கிடக்கிறது. பழுப்பேறிய தாள். மேலே ஏழு என்று எண். அதன் கீழே பென்சிலில் கழுத்து, மார்பு, கை நீளம். கடைசி வரியில், 'இடது தோள் அரை அங்குலம் இறக்கம்'. பெயர் கிடையாது. என் மகன் இரண்டு தடவை அதைக் குப்பையில் போடப் பார்த்தான். இரண்டு தடவையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்ன காரணம் என்று கேட்டான், சொல்லவில்லை. சொல்லும்படியான காரணமாக இருந்தால்தானே.

அப்போது திண்டிவனம் கடைத்தெருவில் ஒரே கடையில் இரண்டு மிஷின் போட்டிருந்தோம். வாசல் பக்கம் பாய், உள்பக்கம் நான். பாய் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கழுத்தில் டேப்பு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அவருடைய தம்பி மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, பாய் வளர்த்தவன். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து, கட்டுப் போட்டவர் கோணலாகப் போட்டதில், இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பாய் தைக்கும் சட்டையைப் போட்டால் அது ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. அந்தச் சாமர்த்தியம் எனக்கு வரவே இல்லை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு எரிச்சல் உண்டு.

பள்ளிவாசல் எங்கள் கடைக்கு எதிர் வரிசையில் இருந்தது. சாமி ஊர்வலம் அந்த இடத்துக்கு வந்தால் மேளத்தை நிறுத்திவிடுவார்கள். பள்ளிவாசல்காரர்கள் வாசலில் பானை நிறைய தண்ணீர் வைத்திருப்பார்கள். மேளக்காரர்கள் குடித்து, முகம் கழுவி, நாற்பது அடி சும்மா நடந்து, வேப்பமரம் தாண்டியதும் மறுபடி அடிப்பார்கள். யார் வைத்த ஏற்பாடோ தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் சில இளவட்டங்கள், எதற்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த முஸ்லிம் தெருவிலும் சிலர், நிறுத்தாமல் போய்விடுவார்களா பார்ப்போம் என்று காத்திருந்தார்கள். மேளம் நிற்கவில்லை. ஒரு கல் பறந்தது. அதற்கப்புறம் எத்தனை கல் என்று யாருக்குத் தெரியும்?

முதல் கல் விழும்போது பாயின் தம்பி எங்கள் கடைக்குள் என் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். அந்தக் கல்லை எறிந்தது என் மனைவியின் தம்பி. அதையும் நான் பார்த்தேன். சத்தம் கேட்டு வாசல் பலகையைச் சாத்த வெளியே ஓடிய பாயின் தம்பியைத்தான் போலீஸ் பிடித்தது. முஸ்லிம் தெருவில் இருபது பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

மறுநாள் காலை பாய் என் முன்னால் வந்து நின்றார். "நீ போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுப்பா. அவன் உன் பக்கத்துல நின்னுகினு இருந்தான்னு. அவ்ளோதான்."

"பார்க்கலாம் பாய்" என்றேன்.

போனால், அப்படியானால் யார் எறிந்தது என்று கேட்பார்கள். நான் போகவில்லை. பாய் இரண்டாம் முறை கேட்கவும் இல்லை. நான்காம் நாள் அவனை விட்டார்கள். தாடியில் ஒரு பக்கம் பிடுங்கப்பட்டுப் புண்ணாகியிருந்தது. மண்டியில், கேஸில் போனவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு கடைக்கு வந்தால் என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்காது. ஜல்தியாக ஏதாவது வேலை இருப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

இந்த மாதிரி ஆளைத் தேடித்தான் ஊருக்கு ஊர் ஒருவர் வருவார் போலிருக்கிறது. எங்கள் ஊருக்கும் வந்தார். மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, வடக்கே நடந்த கொலைகளின் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டினார். ஹைதராபாத்தில் மார்க்கத்துக்காகச் சண்டை வரப்போகிறது, படைக்கு ஆள் வேண்டும் என்றார். தொழுகைக்கு அடிக்கடி மட்டம் போட்டுக்கொண்டிருந்த பாயின் தம்பி அந்த மாடியிலேயே படுக்க ஆரம்பித்தான். அவனை அங்கே இழுத்தது மார்க்கம் என்று நான் நினைக்கவில்லை. நான்கு நாள் அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. மாடியில் இருந்தவர் நம்பினார், அவ்வளவுதான். அதே சமயம் என் மைத்துனன் கூட்டமும் ஏரிக்கரையில் கம்பு சுற்றிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அரைக்கால் சட்டை நான் தைத்தேன், மாடிக்காரர்களுக்குச் சட்டை பாய் தைத்தார். பட்டாளம் கழித்துப் போட்ட ஒரே காக்கிக் கட்டிலிருந்துதான் இரண்டும். ஒரே கத்தரியை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வோம். பேச்சு மட்டும் நின்றுபோயிருந்தது.

சுதந்திரம் வந்து சில மாதங்கள் கழித்து மாடியிலிருந்து பத்து அளவுச் சீட்டு வந்தது. பெயர் இல்லாமல் வெறும் எண். வெள்ளிக்கிழமை மத்தியான ரயிலில் வடக்கே போகிறவர்களுக்கு என்று கொண்டுவந்தவன் பாயிடம் சொல்லியிருக்கிறான். ஏழாவது சீட்டின் கடைசி வரியில் பாயின் கை நின்றிருக்கிறது. சும்மா அளவு கொடுக்கிற எவனுக்கும் தன் தோள் இறக்கம் தெரியாது. தையல்காரன் வீட்டில் வளர்ந்தவன், பேரை மறைத்தான், தோளை மறைக்கத் தோன்றவில்லை.

பாய் மாடிக்குப் போனார். படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்து ஒன்பது சட்டையைச் சரியாகத் தைத்தார். ஏழாவதை மட்டும், அந்த இறக்கத்தை விடாமல், கை தூக்க முடியாதபடி தோளில் இறுக்கித் தைத்தார். போட்டுப் பார்ப்பான், தோளை இறுக்கிப் பிடிக்கும், திருத்திக்கொள்ளக் கடைக்கு வந்தே ஆக வேண்டும். வந்தால் கதவைச் சாத்திவிட்டுக் காலில் விழுந்தாவது நிறுத்திவிடலாம் என்று கணக்கு. இது எதையும் அப்போது அவர் என்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? ஒரு தடவை கேட்டுப் பார்த்த ஆள்தானே நான்.

வியாழக்கிழமை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மட்டும் போனார். அவர் பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் தம்பி வந்தான். கையில் காக்கிச் சட்டை.

"அண்ணே, தோள் பிடிக்குது. கொஞ்சம் விட்டுக் குடுங்க."

சட்டையை வாங்கிப் பார்த்தேன். பாய் தப்பாகத் தைத்திருக்கிறார்! உள்ளதைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கையில் ஒரு பிழை இப்போதுதான் என் கண்ணில் பட்டது. தையலைப் பிரித்தேன். உள்ளே துணி தாராளமாக விட்டிருந்தது. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தொழுகை, தொழுகை என்று ஆகிவிட்ட பையன் ஜும்ஆ நேரத்தில் இங்கே நிற்கிறானே என்றாவது தோன்றியிருக்க வேண்டும். அவன் எதிரே பள்ளிவாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். காக்கியோடு அவன் கடையில் நிற்பதை யாராவது பார்த்தால் பேஜாரு என்பதுதான் என் யோசனை. பத்து நிமிஷம். போட்டுப் பார்த்தான். இரண்டு கையையும் தூக்கினான். தோள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பாய் தைத்ததுபோலவே இருந்தது.

"அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்றான். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

பாய் வந்ததும் தரையில் கிடந்த காக்கி நூல் பிசிறைப் பார்த்தார். நானே முந்திக்கொண்டு, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்: "உங்க தம்பி வந்தாம்பா. தோள்ல இறக்கம் விட மறந்துட்டீங்க பாய். நான் சரி பண்ணிக் குடுத்துட்டேன்."

அவர் மேஜையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மறக்கல. அவன் திரும்பி வரணும்னுதான் அப்படித் தச்சேன்."

சைக்கிளை எடுத்தேன். அவர் பின்னால் உட்கார்ந்தார். ரயில்வே ஸ்டேஷன் வரை அவர் மூச்சு என் முதுகில் பட்டுக்கொண்டே வந்தது. நாங்கள் போனபோது பிளாட்பாரத்தில் மல்லாட்டை மூட்டைகள்தான் இருந்தன. அடுத்த புரட்டாசிக்குள் ஹைதராபாத்தில் இந்தியப் பட்டாளம் நுழைந்து எல்லாம் முடிந்துவிட்டது. தம்பியைப் பற்றி ஒரு காகிதமும் வரவில்லை. பாய் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோட்டக்குப்பத்தில் உறவுக்காரர்களிடம் போய்விட்டார். போகும்போது என்னைத் திட்டியிருக்கலாம். கத்தரியை எனக்கே விட்டுவிட்டுப் போனார்.

இப்போது என் மகன் கடைக்கு ஊர்வலத்துக்கென்று நூறு சட்டை, இருநூறு சட்டை ஆர்டர் வருகிறது. சின்னது, நடுத்தரம், பெரியது. அவ்வளவுதான் அளவு. யாருடைய தோள் எப்படி என்று யாரும் எழுதுவதில்லை, கேட்பதும் இல்லை. அப்படி ஆர்டர் வரும் நாளில் நான் இழுப்பறையைத் திறந்து ஏழாம் நம்பர் சீட்டை எடுத்துப் பார்க்கிறேன். அந்தச் சட்டையைத் திருத்திக் கொடுத்ததை நினைத்துப் பல வருஷம் தலையில் அடித்துக்கொண்டேன். அது கை செய்த தப்பு, அதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த ரயிலைப் பிடிக்க நான் ஒரு மைல் சைக்கிள் மிதித்தேன். போலீஸ் ஸ்டேஷன் எங்கள் கடையிலிருந்து நூறு அடி.