நாலடித் தண்ணீர்

எதிர்ப்பை மீறித் தெய்வநாயகி ஜெயித்தவை என்றால் முதலில் 1959-ஐச் சொல்ல வேண்டும். பொம்பளைப் பிள்ளை மடை திறந்தால் உப்பு பூக்காது என்று சொன்ன மேஸ்திரியின் கண் முன்னாலேயே, பதினான்கு வயதில் மடையைத் திறந்தாள். அந்த வருஷம் மரக்காணம் உப்பளத்தில் முதல் உப்பு அந்தப் பாத்தியில்தான் விளைந்தது. 1966-ல் மூன்று ஆண்கள் கரையில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கத்த, வெள்ளத்தில் உப்பங்கழியைக் கடந்து இரண்டு மாடுகளை ஓட்டி வந்தாள். 1969-ல் அளத்துப் பெண்களுக்குக் குடிதண்ணீர்ப் பானை வேண்டும் என்று பதினொரு நாள் கூடையைத் தொடாமல் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் நாள் பானை வந்தது. 1972-ல் குடித்துவிட்டுக் கை நீட்டிய புருஷனை வெளியே போகச் சொன்னாள். அவன் போனான், வீடு அவளிடம் நின்றது. 1974-ல் எக்கியார்குப்பத்து ஆம்பளைகளோடு நீச்சல் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். அதையும் ஜெயித்ததாகத்தான் கொள்ள வேண்டும். முதலில் வந்தவன் புடவை கட்டிக்கொண்டு நீந்தவில்லை.

1977 பிப்ரவரியில் நடந்ததை இந்த வரிசையில் சேர்க்கலாமா கூடாதா என்பதில் மட்டும் வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.

அந்த மாதம் 12, 13 தேதிகளில், சனியும் ஞாயிறும், கழுவெளி ஏரியின் கிழக்குக் கையில் மோட்டார் படகுப் பந்தயம் நடத்தப் பட்டணத்துச் சங்கம் ஒன்று வந்து கொட்டகை போட்டது. ஒன்பது படகுகள். ஒரு ஆள் மண்டி போட்டு உட்காருமளவு லேசான பலகைப் படகுகள். பின்பலகையில் மாட்டிய மோட்டார். அதன் விசிறி தண்ணீருக்குள் ஒன்றரை அடி இறங்கிச் சுற்றும். எட்டு ஓட்டுகிறவர்கள் வெளியூர். ஒன்பதாவது ஆள் எக்கியார்குப்பத்து அரசப்பன்.

ஓட்டப்பாதை முழுவதும் நாலடித் தண்ணீர் வேண்டும் என்றார் சங்கத்துச் செயலாளர் தட்சணாமூர்த்தி. ஏரியின் அடி யாருக்குத் தெரியும் என்று அவர் விசாரித்தபோது எல்லோரும் ஒரே பேரைச் சொன்னார்கள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தெய்வநாயகி இறங்கினாள். அரசப்பன் ஒரு சின்னத் தோணியில் பின்னாலேயே வந்தான். அடிக்கணக்கில் கோடு போட்ட சவுக்குக் கழியை நாற்பத்து மூன்று இடங்களில் ஊன்றிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, என் வண்டி போற வேகத்துக்கு நாலடி எதுக்கு? தண்ணி மேலேயே பறந்துடுவேன்."

"பறக்கறவன் எதுக்குடா ஏரிக்கு வந்தே? மானத்துல போயி ஓட்டு."

"ஜெயிச்சா உனக்கு ஒரு புடவை."

"தோத்தா?"

"தோத்தா நானே கட்டிக்கறேன்."

இரண்டாவது திருப்பத்தில் கழி ஏதோ ஒன்றில் இடித்தது. அவளுக்கு அது தெரிந்த இடம். எப்போதோ இறால் பிடிக்க அடைப்புப் போட்டவர்கள் விட்டுப்போன சவுக்குக் கட்டைகள். மேலே முறிந்து, அடியில் இரண்டடி உயரத்துக்கு வரிசையாக நின்றன. அளந்தாள். கட்டைகளுக்கு மேலே இரண்டரை அடித் தண்ணீர். விசிறிக்கு அது போதும்.

"அடியில கட்டை இருக்குதுங்க. தண்ணி இப்படியே நின்னா ஒண்ணும் ஆவாது" என்று கரையேறியதும் செயலாளரிடம் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே தட்டச்சு செய்த தாளை நீட்டினார். மை தொட்டு இடது பெருவிரலை வைத்தாள். ஐந்தாவது வரை படித்த அண்ணன் முருகையன் அன்றைக்குத் திண்டிவனம் போயிருந்தார்.

வியாழக்கிழமை முழுக்கக் கரையில் மோட்டார்களைக் கழற்றிப் பூட்டினார்கள். எண்ணெய் கலந்த பெட்ரோல் வாசனை உப்பளம் வரை வந்தது. திருப்பங்களில் சிவப்புக் கொடிகள் நட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வரப்பு மிதித்துக்கொண்டிருந்தபோது வடக்கிலிருந்து டீசல் இன்ஜின் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இரண்டு. எண்ணி முடிப்பதற்குள் ஐந்தாறு சேர்ந்துகொண்டன.

"இன்னா சத்தம் அது?" என்று பக்கத்திலிருந்த கொளஞ்சியம்மாளைக் கேட்டாள்.

"வடக்கத்தி அளத்துக்கு இன்னிக்குத்தானே மொதத் தண்ணி. மழையில வரப்பு ஒடைஞ்சி தள்ளிப் போச்சில்ல? மதகுக்கு மஞ்ச பூசி, கற்பூரம் காட்டி, அமர்க்களமா இருக்குது."

தெய்வநாயகியின் கால் நின்றது. தை மாதத்து வெள்ளி ஒன்றில்தான் மரக்காணத்தில் அளங்களுக்கு முதல் தண்ணீர் ஏற்றுவார்கள். அவள் வேலை செய்யும் அளத்துக்கு மூன்றாவது வெள்ளியிலேயே ஏற்றியாகிவிட்டது. அத்தோடு எல்லா அளத்துக்கும் முடிந்ததாக அவள் மனசு எடுத்துக்கொண்டது. தன் பாத்தி நிறைந்தால் ஊர்ப் பாத்தி நிறைந்ததாக நினைப்பது அளத்து ஆட்களின் வழக்கம். இது தை மாதத்துக் கடைசி வெள்ளி. பன்னிரண்டு பெரிய அளங்கள் ஏரியின் கிழக்குக் கையிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கியிருந்தன. நாளை மத்தியானம் வரை இழுக்கும்.

சாயங்காலம் நாலரைக்கு ஏரிக்குப் போனாள். கொடிக்கழிகளில் ஈரத் தடம் மேலே நிற்க, தண்ணீர் கீழே இறங்கியிருந்தது. கரையோரம் அகலமாகச் சேறு வெளிப்பட்டுக் கிடந்தது. அதில் துடித்த பொடிமீன்களைத் தின்னக்கூட ஒரு கொக்கு இறங்கவில்லை. கரையில் மோட்டார்களை முடுக்கிப் பார்த்த இரைச்சலுக்கு இரண்டு நாளாகவே பறவை வரவில்லை. இரண்டாவது திருப்பத்துக்கு நடந்து போய்க் கழியை ஊன்றினாள். தண்ணீர் ஒரு சாண் குறைந்திருந்தது. விடிந்தால் இன்னும் நாலு விரல் போகும். அப்போது விசிறி சுற்றுகிற ஆழத்தில்தான் கட்டைகளின் தலை இருக்கும். அந்த வேகத்தில் இடித்தால் படகு குப்புற விழும். மண்டியிட்டிருக்கிறவன் அதன் அடியில் கிடப்பான்.

ஈரப் புடவையோடு கொட்டகைக்குப் போனாள். அண்ணனையும் கூட்டிக்கொண்டாள்.

"ரெண்டாவது திருப்பத்தை மாத்துங்க சார். தண்ணி எறங்குது."

"ஏம்மா, வரைபடம் அச்சாகி எல்லார் கையிலயும் போயிடுச்சு. நடுவர் மேடை கட்டியாச்சு. புதன்கிழமை நீயே அளந்து கொடுத்தியே?"

"தப்பு என்னோடதுதாங்க. வடக்கத்தி அளம் நெனப்புக்கே வரல."

"ஏரித் தண்ணி ரெண்டு நாள்ல வத்திடுமா? இதோ உன் கைநாட்டு."

முருகையன் தாளை வாங்கி, ஒவ்வொரு எழுத்திலும் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தார். "ஓட்டப்பாதை முழுவதும் நாலடிக்குக் குறையாத தண்ணீர் உள்ளது. அடியில் தடங்கல் எதுவும் இல்லை. இதற்கு அளந்து பார்த்த நானே பொறுப்பு."

"கட்டை இருக்குதுன்னு சொன்னேனேண்ணா!"

"சொல்லியிருப்பே. இதுல எழுதல."

அரசப்பனைத் தேடினாள். மோட்டாருக்குப் பிளக் வாங்கப் பாண்டிச்சேரி போனவன் காலையில்தான் வருவான் என்றார்கள். மற்ற எட்டுப் பேரிடமும் போய்ச் சொன்னாள். ஒருவர் சிரித்தார். ஒருவர், செயலாளரிடம் சொல்லும்மா என்றார். வடக்கே இன்ஜின்கள் நிற்கவேயில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒத்திகை ஓட்டம். ஏழே முக்காலுக்குத் தெய்வநாயகி யாரையும் கேட்காமல் ஏரியில் இறங்கினாள். முட்டி, தொடை, இடுப்பு. புதன்கிழமை விலா வரை நனைத்த தண்ணீர் இன்றைக்கு இடுப்போடு நின்றது. இரண்டாவது கொடிக்குப் பக்கத்தில், கட்டை வரிசையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். சேறு கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. இனி ஓட நினைத்தாலும் முடியாது.

கரையில் விசில் ஊதினார்கள். ஒலிபெருக்கியில், "அந்த அம்மாவை வெளியே வரச் சொல்லுங்க" என்றது குரல். முருகையன் கரையிலிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். அதற்குள் முதல் படகு கிளம்பிவிட்டது. பாண்டிச்சேரியிலிருந்து நேராக வந்து ஏறிய அரசப்பனின் படகு. அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

முதல் திருப்பத்தைத் தாண்டியபோது படகின் மூக்கு மட்டும் தெரிந்தது. சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. அவள் இரண்டு கையையும் தூக்கினாள். முந்தானையை அவிழ்த்து வீசினாள். கொடிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பதை அவன் பார்த்தபோது எழுபது அடிதான் இருந்தது. மோட்டாரைக் குறைத்து ஒதுக்கினான். அப்படியும் படகு அவளைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போயிற்று. கோடாலி விழுந்த மாதிரி ஒரு சத்தம். பின்பக்கம் எகிறியது. அரசப்பன் தண்ணீரில் விழுந்தான்.

மூன்று மூச்சு நேரம் ஏரியில் ஒன்றுமில்லை. பிறகு சேறு வழிய ஒரு தலை வந்தது.

"ஏன்க்கா... உயிரோட இருக்கறனா?"

"வாய் பேசுது இல்ல? அப்போ இருக்கே. எழுந்து நில்லுடா."

அவன் எழுந்து நின்றான். தண்ணீர் அவன் இடுப்புக்குக்கூட வரவில்லை. மோட்டாரின் விசிறியில் ஒரு இதழ் முறிந்திருந்தது. முழு வேகத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனிடம் யாரும் சொல்லத் தேவையில்லை.

பத்து மணிக்குத் திருப்பத்தைத் தெற்கே அறுபது கஜம் தள்ளினார்கள். தெய்வநாயகி மறுபடி அளந்தாள், இந்தத் தடவை ஐம்பத்தோரு இடம். தட்சணாமூர்த்தியின் விசில் கழுத்திலேயே தொங்கியது. புதுத் தாளையும் மைப்பெட்டியையும் அவரே கொண்டுவந்து நீட்டினார்.

"கைநாட்டு வைக்க மாட்டேங்க" என்றாள்.

"இன்னும் என்னம்மா?"

"பெருவெரல் எதும்மேல வேணா உக்காந்துக்கும். நான் சொல்றதை எழுதுங்க, எங்க அண்ணன் படிக்கட்டும். அப்புறம் என் பேரை நானே போடறேன்."

கட்டைகள் எங்கே நிற்கின்றன, எத்தனை, வடக்கு அளங்கள் எத்தனை மணி வரை தண்ணீர் இழுக்கும், நாளைக் காலை மறுபடி அளக்காமல் படகு விடக்கூடாது. எல்லாவற்றையும் எழுதினார்கள். முருகையன் இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் அவள் பேரைப் பெரிதாக எழுதிப் பக்கத்தில் வைத்தார்.

கொட்டகையில் ஒன்பது ஓட்டுகிறவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேனாவை உப்பு வாரும் பலகையைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்தாள். சீட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக இறக்கினாள். 'நா' சாய்ந்தது, 'கி' மேல் வரியில் போய் முட்டியது. தாள் ஒரு இடத்தில் கிழிந்தது. முடித்ததும் நிமிர்ந்து, தேதியையும் போடச் சொன்னாள். முருகையன் போட்டார்: 1977, பிப்ரவரி 12, சனிக்கிழமை.