சீனி போடாத கச்சான் அல்வா

லொறி ஓடியவனை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றி வைத்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று யாருக்காவது அறிய ஆசையென்றால் என்னிடம் கேட்கலாம். புளியங்குளத்துக்கும் தம்புள்ளைக்கும் இடையில் மரக்கறி ஏற்றி ஓடியே என் அரைவாசி ஆயுள் போனது. எந்தத் திருப்பத்தில் மாடு படுத்திருக்கும், எந்த மரத்துக்குப் பின்னால் பொலிஸ் நிற்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவனுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்தது. எதிரே வருவது பஸ்ஸா பசுமாடா என்று தெரியாமல் ஒருநாள் மதகுக் கட்டில் மோட்டார் சைக்கிளை ஏற்றினேன். அன்றைக்கே என் மனைவி திறப்பை, சாவியைச் சொல்கிறேன், பிடுங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அதன் பிறகு எங்கே போவதென்றாலும் அவளுடைய ஸ்கூட்டியில், அவளுடைய முதுகுக்குப் பின்னால், மடியில் மரக்கறிப் பையோடு நான். அவள் ஓடுகிற வேகத்துக்குச் சைக்கிளில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

கண்ணைச் சரிசெய்வது சின்ன வேலை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் எனக்குச் சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி இறங்கி, இறங்கிய இடத்தில் நின்றால்தான் கத்தி வைப்பார்களாம். சீனி இறங்கினால் கண். கண் வந்தால் திறப்பு. எனக்கு அந்த வருடம் வேறு யோசனையே இல்லை.

என் மனைவிக்கும் இல்லை. வீட்டிலிருந்த சீனிப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். சோற்றை அகப்பைக் கணக்கில் போட்டாள். கலியாண வீட்டுக்குப் போனால் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து தன் இலையை விட்டு என் இலையைப் பார்த்தாள். போதாததற்குக் கௌரி விரதமும் பிடித்தாள். புருசன் நன்றாக இருக்கவேண்டும் என்று பெண்கள் பிடித்து, தீபாவளியோடு முடிக்கிற விரதம் அது. “உங்கட கண்ணுக்காண்டித்தான் பிடிக்கிறன். நான் வயித்தைக் கட்டுறன், நீங்கள் வாயைக் கட்டினால் காணும்,” என்றாள்.

கட்டினேன். கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்த டொக்டர் பிள்ளை, சின்ன வயதுப் பெண், சிரித்துக்கொண்டே, “நல்லா இறங்கியிருக்கு ஐயா. அடுத்த முறையும் இப்பிடியே வந்தியள் எண்டால் கண்ணுக்குத் திகதி தரலாம்,” என்றா. வெளியே வந்து ஸ்கூட்டியில் ஏறும்போது எனக்கு இனி ஒரு மாதம்தானே என்றிருந்தது. அந்த ஒரு மாதத்துக்குள் ஒரு தீபாவளி கிடக்கிறது என்பதை யோசிக்கவில்லை.

தீபாவளிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய் வாய் நனைக்காமல் திரும்பினால் அது கோபம் சாதிப்பதற்குச் சமம். “ஏன், எங்கட வீட்டிலை சாப்பிடமாட்டியளோ?” என்று ஒரு வருடத்துக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வருத்தம் என்று சொன்னால், “ஒரு நாளைக்கு ஒண்டும் செய்யாது” என்பார்கள். இந்த நாட்டில் ஒரு நாளைக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லியே பாதிப் பேருக்குக் கால் விரல் போயிருக்கிறது. போகாமல் வீட்டில் இருக்கலாம் என்றால் குசினியில் மனைவி சுடுகிற பயித்தம் பணியாரத்தின் வாசம். அந்த வாசத்துக்கு நடுவில் கொறிக்க ஏதும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைவிட மறியலில் கம்பி எண்ணப் போகலாம்.

லண்டனில் இருக்கும் என் தங்கைக்கு ஃபோனில் இதைச் சொல்லி அழுதேன். அவள் சீனி இல்லாத இனிப்புத் தூள் ஒரு பக்கற் அனுப்பிவைத்தாள். பார்த்தால் சீனிதான், தின்றால் சீனி ஏறாதாம். “அண்ணை, மாவும் வேண்டாம் சீனியும் வேண்டாம். கச்சான், எள்ளு, தேங்காய்ச் சொட்டு, ஒரு முட்டை வெள்ளைக்கரு, இந்தத் தூள். பிரட்டி ஓவனிலை வையுங்கோ. மொறுமொறு எண்டு வரும்,” என்றாள்.

“எங்களிட்டை ஓவன் எங்கையடி?”

“அப்ப தாச்சியிலை வறுங்கோ. லொறியே ஓடினனீங்கள், இது ஏலாதோ?”

அந்தக் கேள்வி என்னை உசுப்பிவிட்டது. உருட்டத் தேவையில்லை, தட்டிப் பரப்பி வெட்டினால் கோயில் திருவிழாவில் விற்கிற நிலக்கடலைக் கட்டி, எங்கள் கச்சான் அல்வாதான். தீபாவளிக்கு முதல் நாள் காலையே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குசினிக்குள் இறங்கினேன். மனைவி முறுக்கு உரலோடு நின்றாள். என்னையும் என் கையிலிருந்த முட்டையையும் பார்த்தாள்.

“விரதகாரியின்ர குசினிக்குள்ளை முட்டையோ? வெளியிலை வையுங்கோ அதை!”

“வெள்ளைக்கரு மட்டும்தானடி.”

“மஞ்சள் கருவெண்டாலும் நீலக்கருவெண்டாலும் முட்டை முட்டைதான்.”

முட்டை வெளியே போனது. முட்டைதான் ஒட்டவைக்கிற பசை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தூளையே பாகாகக் காய்ச்சி ஒட்டவைக்கலாம் என்று ஒரு வைராக்கியம். உடையார்கட்டிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த கச்சானை வறுத்துக் கோது ஊதினேன். எள்ளு வறுத்தேன். தேங்காயைச் சொட்டுச் சொட்டாகக் கீறிப் பொன்னிறமாக்கினேன். பொன்னிறம் என்று மனைவிதான் சொன்னாள். என் கண்ணுக்கு அந்த நாட்களில் எல்லாமே தேத்தண்ணி நிறம். இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. தூளைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சத் தொடங்கியதும்தான் சனியன் பிடித்தது.

பாகு பதத்துக்கு வரவே இல்லை. சீனி என்றால் கம்பி இழுக்கும். இது கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் கொதித்துக்கொண்டே இருந்தது. பொறுமை கெட்டு அப்படியே கொட்டிக் கிளறித் தட்டில் பரப்பினேன். ஆறியதும் கச்சான் தன் பாட்டில், எள்ளு தன் பாட்டில், நடுவில் தூள் உறைந்து உப்புப் பூத்த மாதிரி. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். இனித்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் வாய்க்குள் யாரோ விக்ஸ் தடவியது போல ஒரே குளிர். மூச்சு இழுத்தால் பல்லெல்லாம் கூசியது.

“இதென்ன, பலகாரமோ பற்பசையோ?” என்றாள் மனைவி. விரதம் என்பதால் ருசி பார்க்கமுடியாது. என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“நல்ல அடுப்பெண்டால் வந்திருக்கும்!”

“ஓம், ஆடத் தெரியாதவள் நிலம் கோணலெண்டாளாம்.”

இரண்டாம் முறையும் காய்ச்சினேன். இரண்டாம் முறையும் அதே கதை. அகப்பையை எறிந்தேன். எறிந்தது அவளுடைய பயித்தம் மாவுக்குள் விழுந்தது. அவள் அகப்பையை எடுத்துத் துடைத்தாள். எனக்கு என் மீதே கோபம், தூளின் மீது கோபம், கண்ணின் மீது கோபம். ஊர் முழுக்கத் தின்னப்போகிற ஒரு நாளில் எனக்கென்று ஒரு துண்டு இனிப்பு இல்லையே. அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் குளிக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். மற்றச் சத்தம் வெளியே கேட்காதிருக்க வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன்.

திரும்பி வந்தபோது தட்டு குசினிப் பலகையில் இருந்தது. மனைவி முறுக்குப் பிழிந்துகொண்டே, “இன்னொருக்கால் சூடு காட்டித் தட்டி வைச்சனான். ஆறவிட்டால் எல்லாம் இறுகும். பொறுத்தார் பூமியாள்வார் எண்டு சும்மாவே சொன்னவை?” என்றாள்.

கத்தியை வைத்தேன். டக்கென்று உடைந்தது. கண்ணாடி மாதிரி ஓரம். வாயில் போட்டால் மொறுமொறு. குளிர் இல்லை. எள்ளு வாசம், கச்சான் வாசம், அடியில் ஒரு ஆழமான இனிப்பு. ஆறவிட்டதால் அந்தக் குளிர் போய்விட்டது என்று முடிவு செய்தேன். ஆறினால் குளிர் எப்படிப் போகும் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். சந்தோசத்தில் யார் யோசிக்கிறார்கள்?

தீபாவளியன்று பிஸ்கட் பேணி நிறையக் கச்சான் அல்வாவோடு புறப்பட்டேன். போன வீடெல்லாம் என் பேணியைத் திறந்து, என் பலகாரத்தை நானே தின்று, அவர்களுக்கும் கொடுத்தேன். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவும் என்னைப் போல் சீனிக்காரர். நாங்கள் ஒரே கிளினிக். வருடா வருடம் எங்கள் வீட்டுத் தட்டு அவருடைய வீட்டுக்குப் போகும், அவர் தொடமுடியாமல் பிள்ளைகள் தின்னும். இந்த முறை அவருக்கென்றே கொண்டுபோனேன். ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

“அண்ணை, சத்தியமாச் சீனி இல்லையோ?”

“ஒரு துளியும் இல்லை நானா. லண்டன் தூள்.”

“அப்ப எவ்வளவும் தின்னலாம் என்ன?”

“எவ்வளவும் தின்னலாம்.”

அடுத்த ஒழுங்கையில் பென்சன் எடுத்து இளைப்பாறிய ரீச்சர் ஒருவர் இருந்தா. அவவும் எங்கள் கிளினிக்தான். தின்று பார்த்துவிட்டு, தூளில் கொஞ்சம் கேட்டு வாங்கித் தானும் செய்து பார்த்தா. இறுகவில்லை என்று வந்து நின்றா. “ரீச்சர், உங்களுக்குப் பொறுமை காணாது. ஆறவிடவேணும். அதுதான் விசயம்,” என்று வகுப்பு எடுத்தேன். படிப்பித்தவவுக்கே படிப்பிக்கிற சுகம் ஒரு தனிச் சுகம். அதற்குப் பிறகு அவவும் எங்கள் வீட்டிலேயே வாங்கிப் போனா. தீபாவளி முடிந்தும் கச்சான் அல்வா முடியவில்லை. நான் வறுத்துக் கொடுப்பேன். “பாகு என்ர பொறுப்பு, நீங்கள் நிண்டால் பதறுவியள்,” என்று மனைவி என்னை வெளியே அனுப்பிவிடுவாள். காலையில் இரண்டு துண்டு, பின்னேரம் நான்கு துண்டு, இடையில் கை போகிற போதெல்லாம். மருந்து மாதிரித் தின்றேன்.

கிளினிக் நாள் வந்தது. புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். திகதி வாங்கப்போகிறவன் பழைய சேட்டோடு போவானா? மர வாங்கில் மனைவி பக்கத்தில் இருந்தாள். நானா முன்னால் போனார். விரலில் குத்தினார்கள். திரும்பி வரும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. “என்னெண்டு தெரியேல்லை அண்ணை, எக்கச்சக்கமா ஏறிக் கிடக்காம்,” என்றார். ரீச்சர் போனா. அவவுக்கும் ஏறியிருந்தது. மூன்றாவதாக நான் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். மனைவியும் கூட வந்தாள்.

டொக்டர் பிள்ளை மெசினைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. இன்னொரு விரலில் குத்தித் திரும்பவும் பார்த்தா.

“ஐயா, என்ன சாப்பிட்டனீங்கள்? இந்தச் சீனியோடை கண்ணுக்குக் கத்தி வைக்கேலாது. பொங்கல் கழியத்தான் இனிப் பாக்கலாம்.”

“ஒண்டும் சாப்பிடேல்லை டொக்டர். சீனி இல்லாத கச்சான் அல்வா மட்டும்தான்,” என்றேன்.

“அதைத்தான் நாங்களும் சாப்பிட்டனாங்கள்!” என்று வாங்கிலிருந்து நானா எழும்பினார். “எவ்வளவும் தின்னலாமெண்டு இவர்தான் சொன்னவர்!”

“அதிலை என்னென்ன போட்டனீங்கள்?” என்றா டொக்டர் பிள்ளை.

கச்சான், எள்ளு, தேங்காய், தூள் என்று சொன்னேன். அப்போது பக்கத்தில் மனைவியின் குரல், எனக்கே கேட்டும் கேட்காமலும்: “டொக்டர், பனங்கட்டி பனையிலை வாறதுதானே. மருந்துக்கெல்லாம் போடுறது. அதுவும் சீனியோ?”

அந்தக் கணம் எல்லாம் விளங்கியது. டக்கென்று உடைந்தது எதனால், குளிர் போனது எதனால், ரீச்சருக்கு ஏன் இறுகவில்லை என்பதெல்லாம். எனக்குக் கோபம் வந்தது. வராமல் விடுமா? ஒரு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தவன் நான். திரும்பி அவளைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்ததால் அந்த முகம் மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாய் நடுங்கிக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த கையில் விரதம் முடித்துக் கட்டிய காப்பு நூல். என் கண்ணுக்காக வயிற்றைக் காயப்போட்டவள். கிணற்றடியில் நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்கிறது, அதுதான் போட்டிருக்கிறாள்.

“பனங்கட்டியும் சீனிதான் அம்மா. ஏத்துறதிலை ஒரு வித்தியாசமும் இல்லை,” என்றா டொக்டர் பிள்ளை. “ஆர் போட்டது?”

வாங்கில் இருந்த சனம் முழுக்க எட்டிப் பார்த்தது.

“நான்தான் டொக்டர் போட்டனான்,” என்றேன். “இவவுக்கு ஒண்டும் தெரியாது.”

நானா தலையில் கை வைத்தார். “அண்ணை, ஆக்களைக் கொல்லப் பாத்தியளே!” ரீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் முழங்காலில் நிற்கவேண்டும் போல் இருந்தது. “பொறுமை காணாதெண்டு எனக்கு வகுப்பெடுத்தது இந்த மனிசன்,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னா. டொக்டர் பிள்ளையும் விடவில்லை. இந்த வயதில் கள்ளத்தீன் தின்கிறதா, உங்களுக்குக் கண் வேண்டாமா, மற்றவர்களையும் கெடுத்தீர்களே என்று வரிசையாகக் கேட்டா. தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

மேசைக்குக் கீழே என் கையை ஒரு கை வந்து பிடித்தது. விரல் குத்திய இடம் வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தது. மனைவி மற்றக் கையால் கண்ணைத் துடைத்தாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள், தொண்டையைச் செருமினாள்.

“நான் தலைபாடா அடிச்சுச் சொன்னனான் டொக்டர்,” என்றாள், கிளினிக் முழுக்கக் கேட்க. “பனங்கட்டி போடாதேங்கோ, போடாதேங்கோ எண்டு. இந்த மனிசன் என்ர சொல்லை எண்டைக்குக் கேட்டது?”

டொக்டர் பிள்ளை என் பக்கம் திரும்பினா. “உண்மையே ஐயா?”

“ஓம் டொக்டர்,” என்றேன். “கேக்கேல்லை.”