மூன்றாம் கவுன்ட்டரின் கால்கள்

என் அக்காவின் கணவர் சான்றிதழ் அலுவலகத்தின் மூன்றாம் கவுன்ட்டரில் உட்கார ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இருப்பிடச் சான்றிதழ் வேண்டுமென்றால் அவரைத்தான் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் அவருக்கு 'மூணாம் நம்பர் சார்' என்று பெயர். எனக்கு அத்தான். கவுன்ட்டர்காரர் ஆயிற்றே, எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. வரிசையில் ஒருவர் ஐந்தாவது ஆளாக நிற்கும்போதே அத்தானின் பார்வை அவருடைய முழங்காலுக்குப் போய்விடும்.

ஆண்கள் எப்போது அரைக்கால் சட்டை போடலாம் என்பதில் அத்தானுக்குத் திட்டவட்டமான கொள்கை உண்டு. பத்து வயதுவரை தாராளமாகப் போடலாம். அதற்கு மேல் பந்து விளையாடும்போது போடலாம், ஆட்டம் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கடலில் இறங்கினால் போடலாம், கரையேறிய பிறகு யோசிக்க வேண்டும். வண்டி கழுவும்போது போடலாம், ஆனால் கேட்டைச் சாத்திக்கொள்ள வேண்டும். வெயிலை ஒரு காரணமாக அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. இவங்க அப்பா காலத்துல மட்டும் நிலா வெளிச்சமா அடிச்சுது என்று கேட்பார். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் என் தொடையைப் பார்த்தபடியே சொல்வார். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவன், வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். கோடை பிறந்தால் முடியும்வரை ஷார்ட்ஸில்தான் இருப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அத்தான் மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதினார். அலுவலகத்தின் கண்ணியம் முழங்காலில் இருக்கிறது என்கிற அர்த்தத்தில் நாலு பக்கம். படித்துப் பார்க்கப் பொறுமையில்லாத அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுவாரமே மூன்றாம் கவுன்ட்டருக்கு மேலே சிவப்பு எழுத்தில் பலகை ஏறியது: 'அரைக்கால் சட்டை அணிந்து வருவோருக்குச் சேவை வழங்கப்படாது.' அன்று வீட்டில் அத்தான் இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டார் என்று அக்கா சொன்னாள்.

அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் மனிதர் எந்தக் கோலத்தில் இருக்கிறார் என்பது மறுகோடையில்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அக்கா அனுப்பினாள். முன்வாசலில் கூட்டம், நான் பின்பக்கமாக, பதிவேடு அறை வழியாக நுழைந்தேன். இரும்பு அலமாரியின் ஓரத்தில், பழைய கோப்புகளுக்கு நடுவே, அத்தானின் சாம்பல் நிற பேன்ட் மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பகீரென்றது. கவுன்ட்டர் பக்கம் எட்டிப் பார்த்தேன். மேலே முழுக்கைச் சட்டை, டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. கீழே நீல நிறத்தில் ஒரு ட்ரவுசர், அதற்குக் கீழே ரோமம் அடர்ந்த இரண்டு கால், கெண்டைக்கால் பாதிவரை இழுத்துவிட்ட சாக்ஸ், பளபளக்கும் ஷூ.

மேற்குப் பக்க ஜன்னல் வெயில் முழுதும் மூன்றாம் கவுன்ட்டரின் மேல்தான் இறங்குகிறது. ஏசி படுத்து நாலு வருடம். அத்தானுக்குத் தொடை முழுக்க வேர்க்குரு வந்து புண்ணாகி, காற்றுப் படும்படி விடுங்கள் என்று தோல் டாக்டர் சொல்லியிருக்கிறார். நியாயமான காரணம்தான். யாருக்கும் அதைவிட நியாயமான காரணம் இருக்க முடியாது. அந்தக் காரணத்தை வெளியே சொன்னால் மானம் கப்பலேறிவிடும் என்பதால், எல்லாரும் வருவதற்கு முன்பே வந்து உடை மாற்றி, எல்லாரும் போன பிறகு மாற்றிக்கொண்டு கிளம்புகிறார். கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் தடுப்பு இருப்பதால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது. அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நானும் சும்மா கொடுக்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் என் தொடையைப் பற்றிய பேச்சு நின்றுபோனது. அதற்காக நான் வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ட்ரவுசரால் அத்தானுக்குப் பேரும் புகழும் வந்தது. பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஐந்துவரை எழுந்திருக்க மாட்டார். டீ குடிக்கப் போக மாட்டார், பக்கத்து சீட்டில் அரட்டைக்குப் போக மாட்டார். எழுந்திருக்க வேண்டிவருமே என்று தண்ணீரைக்கூட மிடறு மிடறாகத்தான் குடிப்பார். சீட்டை விட்டு எழுந்தே பார்த்திராத ஒரே ஊழியர் என்று மேலதிகாரி ஒரு கூட்டத்தில் பாராட்டினார். அந்தக் கூட்டத்துக்கு மட்டும் அத்தான் பேன்ட்டில் வந்திருந்தார். பிரிவுத் தலைவர் பதவி அடுத்து அவருக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. அதை அவர் இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கோடையில் தரையில் கால் வைக்க முடியாத ஒரு நாள், டைல்ஸ் போடுகிற ஒருவர் வேலையிடத்திலிருந்து அப்படியே வந்து வரிசையில் நின்றார். நாற்பது வயதிருக்கும். அரைக்கால் சட்டை, இரண்டு முட்டியிலும் சிமென்ட். மகளைப் பள்ளியில் சேர்க்க இருப்பிடச் சான்றிதழ் வேண்டும், கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. அத்தான் பேனாவால் பலகையைக் காட்டினார். நாள் முழுக்க முட்டி போட்டு வேலை பார்ப்பவன், பேன்ட் போட்டால் இரண்டே நாளில் கிழிந்துவிடும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். பின்னால் நின்றவர்களும் பரிந்து பேசினார்கள்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. வீட்டுக்குப் போய் மாத்திக்கிட்டு வாங்க, வரிசையில நிக்காம நேரா வரலாம்," என்றார் அத்தான். நேராக வரலாம் என்றது தன்னுடைய பெருந்தன்மை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைச் சொன்னபோது அவருடைய இரண்டு தொடையும் காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

அந்த மனிதர் உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போனார். கனத்த ஜீன்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு மறுபடி மிதித்து வந்தார். போக வர ஒரு மணி நேரம். கவுன்ட்டருக்கு முன்னால் வந்து விண்ணப்பத்தை நீட்டியவர், அப்படியே மடங்கிக் கீழே விழுந்தார்.

இரண்டாம் கவுன்ட்டரில் இருக்கும் அம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஓடினார். ஒன்றாம் கவுன்ட்டர் ஓடினார். காவலாளி ஓடிவந்தார். அத்தான் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டார். தண்ணி தெளிங்க, காத்து வர வழி விடுங்க, பெல்ட்டைத் தளர்த்துங்க, ஆட்டோ கூப்பிடுங்க. எல்லாம் சரியான உத்தரவுதான், ஒன்றும் குறை சொல்ல முடியாது. விழுந்தவருக்கு மிகப் பக்கத்தில் இருந்தவர் அவர். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். மயங்கிக் கிடப்பவரைத் தூக்க இன்னும் ஒரு ஆள் தேவைப்பட்டது. காவலாளி நிமிர்ந்து, "சார், கொஞ்சம் ஒரு கை பிடிங்க" என்று கேட்டார். அத்தான் நாற்காலியை மேசைக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்ற ஒரு பெண் வந்து காலைப் பிடித்தாள்.

அன்றிரவு அத்தான் சொல்லி இதைக் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. எழுந்திருந்தால் ஊரே சிரித்திருக்கும், ஒரு வாரம் சிரித்துவிட்டு மறந்திருக்கும். கல்நெஞ்சன் என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை, கால் தெரியக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்.

மறுநாள் மேலதிகாரி விளக்கம் கேட்டார். அத்தான் முட்டிவலி என்று எழுதிக் கொடுத்தார். திடீரென்று பிடித்துக்கொண்டதாம், எழ முயன்றும் முடியவில்லையாம். ஒரு பொய்யைக் காப்பாற்றுவது எத்தனை உழைப்பு என்று அதற்குப் பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அலுவலகத்தில் நொண்ட வேண்டியிருந்தது. வீட்டிலும் நொண்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் இரண்டாம் கவுன்ட்டர் அம்மா அக்காவைக் கடையில் பார்த்து விசாரித்துவிட்டார். அக்கா பதறிப்போய்க் காலையும் மாலையும் தைலம் தேய்த்தாள். காலையில் வலது முட்டியை நீட்டிய அத்தான் மாலையில் இடது முட்டியை நீட்டினார். வலி இடம் மாறுது போலிருக்கு என்று அக்கா கவலைப்பட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டைல்ஸ்காரரை இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை அத்தான் மாடிக்கு வந்தார். கையில் கையெழுத்தும் முத்திரையும் போட்ட சான்றிதழ் இருந்தது. நாளைக்குக் கடைசி நாள், அவரால் வர முடியாது, வண்டியை எடு என்றார். பத்தொன்பது வருடத்தில் ஒரு சான்றிதழும் அவர் கையால் ஒருவர் வீடு தேடிப் போனதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஓரவஞ்சனை செய்தவன் ஆவேன்.

ஒரே அறை, தகரக் கூரை. கதவு திறந்தே கிடந்தது. டைல்ஸ்காரர் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்திருந்தார். அரைக்கால் சட்டை மட்டும் போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, "ஒரு நிமிஷம் சார், உக்காருங்க" என்று மறைப்புத் தட்டிக்குப் பின்னால் போய்விட்டார். வேண்டாங்க, அப்படியே வாங்க என்று அத்தான் சொன்னது அவருக்குக் கேட்டதோ இல்லையோ, அதே ஜீன்ஸை மாட்டிக்கொண்டு, பெல்ட்டை இறுக்கியபடி வெளியே வந்தார். இருந்த ஒரே நாற்காலியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். டைல்ஸ்காரர் இரண்டு கையாலும் சான்றிதழை வாங்கிக்கொண்டார்.

"முட்டி எப்படி இருக்கு சார்? உங்க பக்கத்து கவுன்ட்டர் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ சொன்னாங்க."

அதற்கு அத்தான் சொன்னதைக் கேட்டு நானே அசந்துபோனேன்.

"முட்டிக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கு நானும் ட்ரவுசர்தான் போட்டிருந்தேன். அதான் எழுந்திருக்கலை."

"தெரியும் சார்," என்றார் டைல்ஸ்காரர். அந்தத் தடுப்புப் பலகை தரைவரை இறங்கவில்லையாம், கீழே ஒரு சாண் இடைவெளி இருக்கிறதாம். நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, தரையில் கிடப்பவனுக்கு எல்லாம் தெரியும். அவர் குரலில் கோபம் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை என்றார், சார் பேரு கெட்டுடக் கூடாதுன்னு.

"சாக்ஸுக்கு மேல வெறுங்கால் தெரிஞ்சுது. இப்ப எழுந்திருக்கும், இப்ப எழுந்திருக்கும்னு அந்தக் காலையே பாத்துக்கிட்டு இருந்தேன் சார். அப்புறம் கண்ணு இருட்டிடுச்சு."

மன்னிச்சிடுங்க என்று அத்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது அவருக்கு வரவில்லை. தகரம் மேலே தகித்துக்கொண்டிருந்தது. டைல்ஸ்காரரின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து சான்றிதழின் மேல் சொட்டப் பார்க்க, அவர் அதை அவசரமாக நகர்த்திப் பிடித்தார். சட்டை போடாத உடம்பு, கீழே கெட்டியான ஜீன்ஸ். நாங்கள் போனால்தான் அதைக் கழற்ற முடியும். அதைச் சொல்ல முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"எழுந்திருங்க அத்தான்," என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.